பாஞ்சாலி நிஜமா என்று கேட்கும் பிள்ளைக்கு

விழுப்புரம் மாவட்டத்துக் காணையைச் சுற்றியுள்ள ஊர்களில் வளரும் பிள்ளைக்குப் பழைய காலம் என்று ஒன்று இருந்ததைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே திரௌபதியம்மன் திருவிழா சொல்லிவிடுகிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பேருருவாகச் செய்து கிடத்துகிறார்கள், பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள், மாலையில் தீமிதி. இந்த வழிபாட்டின் தாயிடமாகச் சொல்லப்படும் மேலச்சேரியும் இதே மாவட்டத்தில், செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாரதப் போருக்குப் பின் செஞ்சி அரசனுக்காக ஓர் அசுரனை அழிக்க அம்மன் இங்கே மறுபடி தோன்றினாள் என்பது வட்டாரத்துக் கதை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதியே 'செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை' என்ற துணைத்தலைப்போடுதான் வந்தது. இப்படி ஒரு மண்ணில் வளரும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் என்றொரு பாடம் வருகிறது. அதில் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் வருகின்றன. கரிகாலன் நிஜம் என்று புத்தகம் சொல்கிறதே, அப்படியானால் பாஞ்சாலியும் நிஜமா என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் மனத்தில் எழுவது இயல்பு. வாய்விட்டுக் கேட்கிற பிள்ளையும் உண்டு. கேட்காமல் வைத்துக்கொள்கிற பிள்ளையும் உண்டு. தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும் கேள்வி அது: ஒன்று உண்மை என்றால் எந்த வகையில் உண்மை?

பெரியவர்களிடம் இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் இருக்கின்றன. எல்லாம் நடந்ததுதான் என்பது ஒன்று. எல்லாம் கட்டுக்கதை என்பது இன்னொன்று. சாமி விஷயத்தில் அப்படிக் கேட்கக் கூடாது என்பது மூன்றாவது. முதல் விடையைக் கேட்ட பிள்ளைக்கு வரலாறு என்றால் என்னவென்று கடைசிவரை பிடிபடாது. இரண்டாவதைக் கேட்ட பிள்ளைக்குத் தன் தாய் மஞ்சளுடுத்தித் தீக்குழியில் இறங்கியதன் பொருள் பிடிபடாது. மூன்றாவது விடையோ கேட்கும் பழக்கத்தையே முளையில் கிள்ளிவிடுகிறது. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கும் பழக்கமே தொடக்கப்பள்ளி வரலாற்றுப் பாடத்தின் உயிர் என்பது என் வாதம். அரசர் பெயர்களும் ஆண்டுகளும் அதற்குப் பிறகு வரட்டும். இந்தப் பழக்கத்தை எட்டு வயதிலேயே தொடங்கலாம். அதனால் பக்திக்கு ஊறு நேராது. எங்கிருந்தோ அதை இறக்குமதி செய்யவும் வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்தின் சைவ மரபுக்குள்ளேயே அது இருக்கிறது.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கை எடுத்துக்கொள்வோம். சுந்தரர் திருமணத்தின்போது ஒரு முதியவர் வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு வழிவழி அடிமை என்கிறார். பெரியபுராணத்தில் சேக்கிழார் அடுத்து நடப்பதைச் சொல்லும் முறையை வரலாற்று மாணவன் எவனும் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. வந்தவர் இறைவன் என்பது வாசகனுக்குத் தெரியும். ஆனாலும் அவையோர் அவருடைய சொல்லை அப்படியே ஏற்பதில்லை. காலகாலமாக இருந்துவரும் வழக்கம் உண்டா, எழுதிய ஆவணம் உண்டா, பார்த்த சாட்சி உண்டா என்று கேட்கிறார்கள். ஓலையை வாங்கிப் படிக்கச் சொல்கிறார்கள். கையொப்பமிட்ட சாட்சிகளின் எழுத்தைச் சரிபார்க்கிறார்கள். அதோடும் விடாமல், சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒன்றென்று கண்ட பிறகுதான் தீர்ப்பு வருகிறது. மூலமும் படியும் வேறு, எழுதியவர் இவர்தானா என்று பார்க்க வேண்டும், சாட்சியையும் சோதிக்க வேண்டும் என்பவையெல்லாம் இன்றைய வரலாற்றுத் துறையின் அடிப்படை விதிகள். இறைவனே வழக்காட வந்தாலும் சான்று கேட்கலாம் என்று ஒரு பக்தி நூல் சொல்லுமானால், பிள்ளை ஆசிரியரிடம் சான்று கேட்பதில் என்ன தவறு?

இதே ஊரில்தான் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவைகளைப் பற்றிப் பேசுகிறது: காட்சி, கருதல், உரை என்று எதையும் அறியும் வழிகள் எவை என்பதை முதலில் தீர்த்துக்கொள்கிறது. இங்கே நம்பிக்கையாளர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். உரையும், அதாவது ஆகமமும் ஆன்றோர் வாக்கும், ஓர் அளவைதானே; புராணம் சொன்னால் போதாதா, கல்வெட்டு எதற்கு என்று அவர் கேட்பார். விடையும் மரபுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் அளவைக்கும் அதனதன் எல்லை உண்டு. புலன்களுக்கு எட்டாத இறை, உயிர், வீடுபேறு பற்றி ஆகமம் பேசுகிறது. அங்கே காட்சிக்கு வேலையில்லை. எந்தச் சுவரை எந்த அரசன் எந்த நூற்றாண்டில் எழுப்பினான் என்பதோ காட்சிக்கும் கருதலுக்கும் உட்பட்டது. நெருப்பு குளிரும் என்று நூறு வேதங்கள் சொன்னாலும் அவை அதில் பிரமாணமாகா என்று கீதை உரையில் எழுதியவர் ஆதிசங்கரர். வேதத்தின் மேல் அவரைவிடப் பற்றுக்கொண்டவர் யார்? எல்லையைக் காட்டினால் வேதத்தின் பெருமை குறையும் என்று அவர் நினைக்கவில்லை. புராணத்தை வரலாற்றுச் சான்றாக நிறுத்துவதை நான் மறுப்பதும் இதே காரணத்தால்தான்: தன் எல்லைக்கு வெளியே இழுத்துவரப்படும் நூல் தேவையில்லாமல் தோற்கிறது.

இனி வகுப்பறைக்கு வருவோம். காணை ஒன்றியத்துப் பள்ளிகளிலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடும் தொலைவில் மண்டகப்பட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் குன்றைக் குடைந்து செய்த கோயில் அது. முகப்பில் இருபுறமும் வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே மூன்று கருவறைகள், இன்று வெறுமையாக. தூணில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் என்ற அரசன் ஆக்கினான் என்பது அதன் செய்தி. பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிப் போகும். ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கல்லின் முன் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டால் அரைநாள் பாடம் அதிலேயே இருக்கிறது. ஒருவர் எப்போது 'இது இல்லாமல் செய்தேன்' என்று சொல்வார்? மற்ற எல்லாரும் அதை வைத்துச் செய்யும்போதுதான். அப்படியானால் மகேந்திரவர்மனுக்கு முன்பு கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் உலோகத்தாலும் சுதையாலும் இருந்திருக்கின்றன. அவை இப்போது எங்கே? மரம் மக்கியிருக்கும், செங்கல் சிதைந்திருக்கும், உலோகத்தை உருக்கியிருப்பார்கள். கண்ணெதிரே இல்லாத ஒரு காலத்தை, இருக்கும் ஒரு கல்லை வைத்துப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடுகிறது. காட்சியிலிருந்து கருதலுக்குப் போகும் வழி இதுதான். தமிழ்நாட்டின் முதல் குடைவரை இதுவே என்று பலர் சொல்வதையும், ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஒப்பவில்லை என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். பெரியவர்களுக்குள்ளும் முடிவாகாத கேள்விகள் உண்டு என்று தெரிந்துகொள்வதில் பிள்ளைக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. மூன்று கடவுளருக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் தந்தவன் இந்த அரசன். பெரியபுராணமோ, சமணம் சார்ந்து நின்று அப்பரைக் கொடுமைப்படுத்திய பல்லவ அரசன் ஒருவன் பிறகு மனம் மாறிச் சைவனானான் என்றும், சமணர் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்றும் சொல்கிறது. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். திருச்சி மலைக் குடைவரையில் உள்ள அவனுடைய கல்வெட்டு, வேறு நெறியிலிருந்து இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியவனாக அவனைக் காட்டுகிறது என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். எனவே புராணம் சொல்வது முழுக்கக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதியதால் அதை அப்படியே ஏற்கவும் முடியாது. புராணம் ஒரு தடயத்தைக் காட்டுகிறது. அது எதுவரை போகிறது என்று கல்வெட்டு சொல்கிறது. ஐந்நூறு ஆண்டு என்றால் எவ்வளவு என்று பிள்ளைக்குக் காட்ட அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று இருபது தலைமுறைக்குக் கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டின் ஒரு முனையில் அப்பரையும் மறுமுனையில் சேக்கிழாரையும் எழுதிவிட்டு, இத்தனை பேர் வாய்மாறி வந்த செய்தியில் எது மாறாமல் இருக்கும், எது மாறும் என்று பிள்ளைகளையே பேசவிடலாம்.

மிகக் கடினமான இடம் எண்ணாயிரம். விக்கிரவாண்டிப் பக்கத்திலுள்ள இந்தச் சிற்றூரைப் பற்றிக் கதைகளுக்குக் குறைவில்லை. மதுரையில் சம்பந்தரோடு வாதில் தோற்றுக் கழுவேறிய எண்ணாயிரம் சமணரோடு ஊரைச் சேர்த்துச் சொல்வார்கள். எண்ணாயிரம் அந்தணர் குடியிருந்த ஊர் என்பாரும் உண்டு. கழுவேற்றக் கதையைச் சான்றின் முன் நிறுத்திப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? சம்பந்தரின் பதிகங்கள் சமணரைக் கடுமையாகச் சாடுகின்றன. எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றிய செய்தி அவற்றில் இல்லை. சில நூற்றாண்டுகள் கழிந்து வந்த நம்பியாண்டார் நம்பி அதைப் பாடுகிறார், சேக்கிழார் விரிக்கிறார். நிகழ்ச்சிக் காலத்துக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை என்று எழுதியவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. சமணரை இழிவுபடுத்தும் நோக்கமும் அவருக்கு இல்லை, சைவரைக் காப்பாற்றும் நோக்கமும் இல்லை. கிடைத்த சான்றுக்கு மேல் ஒரு சொல் சொல்ல அவர் விரும்பவில்லை. இன்னொரு பக்கம், தமிழ்ச் சமணம் அழிந்துபோகவும் இல்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற துறவியைப் பற்றிய மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டு அங்கே இருக்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் நடக்கிறது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் விவசாயம் செய்து வாழ்கின்றன. அந்தக் குடும்பத்துப் பிள்ளையும் சைவக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுவேற்றத்தை நடந்த வெற்றியாகச் சொன்னால் ஒரு பிள்ளையின் தலை குனிகிறது. நடந்த கொலையாகச் சொன்னால், தான் செய்யாத, யாரும் செய்தார்களா என்றே உறுதியில்லாத குற்றத்துக்காக மற்றப் பிள்ளையின் தலை குனிகிறது. தொடக்கப்பள்ளியில் இக்கதையை ஆசிரியர் தாமாக எடுக்க வேண்டாம் என்பேன். ஊரில் கேட்டுவிட்டு வந்து பிள்ளை கேட்டால், இது பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட கதை, அந்தக் காலத்துச் சான்று கிடைக்கவில்லை, சமணர்கள் நம்மோடு இன்றும் இருக்கிறார்கள் என்ற மூன்று செய்திகளும் போதும். மூன்றும் உண்மை, மூன்றும் யாரையும் புண்படுத்துவதில்லை.

அதே எண்ணாயிரத்தில் சான்றுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. அதை எல்லாப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அங்கே ஒரு வேதக் கல்லூரி நடந்தது. கல்வெட்டுக் கணக்குப்படி மாணவர் 340 பேர்: கீழ்நிலையில் 270, மேல்நிலையில் 70. இருக்கு வேதம் படிக்க 75 பேர், இலக்கணம் படிக்க இத்தனை பேர், மீமாம்சை படிக்க இத்தனை பேர் என்று பிரித்து, அவரவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பதுவரை எழுதியிருக்கிறது. நம் பக்கத்து ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்படி ஒரு கல்விநிலையம் இருந்தது என்று கேட்கும் பிள்ளைக்குப் பெருமிதம் வரும், வர வேண்டும். கூடவே ஆசிரியர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இந்தப் பட்டியலில் யார் இல்லை? பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை. உழுதவர் வீட்டுப் பிள்ளை இல்லை, நெய்தவர் வீட்டுப் பிள்ளை இல்லை, சேரிப் பிள்ளை இல்லை. அவர்களில் சிலர் விளைவித்த நெல்தான் கல்லூரிக்குப் போயிருக்கும். ஒரு சான்று சொல்வதைப் படிப்பதோடு அது சொல்லாமல் விட்டதையும் படிப்பது வரலாறு. இந்த மாவட்டத்துக்கு அந்தக் கேள்வி எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. பட்டியலினத்தவர் உள்ளே வரும் உரிமை பற்றிய தகராறில் மேல்பாதி திரௌபதியம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. பாஞ்சாலி கதையைக் கேட்டு வளரும் எல்லாப் பிள்ளைக்கும் பாஞ்சாலி கோயிலுக்குள் ஒரே இடம் இருக்கவில்லை. இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை மட்டும் சொல்லும் பாடத்தைச் சில பிள்ளைகள் தங்களுடையதாக ஒருநாளும் உணர மாட்டார்கள்.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை; 2025 ஜூலையில் மராத்தியரின் போர்க்கோட்டைகள் என்ற வரிசையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபின் அதைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். மராத்தியருக்கு முன் கோனார்களும் நாயக்கர்களும் பீஜப்பூர்ச் சுல்தானும், பின் முகலாயரும் ஆற்காட்டு நவாபும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். ஆனால் தேசிங்குராஜனை விட்டுவிடக் கூடாது. 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து இறந்த தேஜ்சிங் என்ற அந்தத் தேசிங்கு வரலாற்று மனிதன். செஞ்சி அவன் கையில் இருந்தது ஓராண்டுகூட இல்லை. நாட்டுப்பாடலோ அவனையும் அவன் குதிரையையும், திருமணக் கோலத்தை விட்டுப் போருக்கு வந்த இசுலாமிய நண்பனையும் முந்நூறு ஆண்டாக உயிரோடு வைத்திருக்கிறது. ஆண்ட காலத்தின் அளவைப் பார்த்தால் மறந்திருக்க வேண்டிய ஒருவனை மக்கள் ஏன் மறக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, கதையும் வரலாறும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதைத் தானே உணரும்.

எதிர்வாதங்களில் வலுவானது வயதைப் பற்றியது. எட்டு வயதில் கற்பனைக்கும் நடப்புக்கும் எல்லை தெரியாது, அந்த வயதுக்குக் கதைதான் உணவு, ஆய்வெல்லாம் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கதைதான் உணவு என்பதை நானும் ஏற்கிறேன். எல்லை தெரியாது என்பதை ஏற்கவில்லை. களிமண் துரியோதனன் அடிபடும்போது எந்தப் பிள்ளையும் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்வதில்லை. வேடம் கட்டியவர் பக்கத்துத் தெரு மாமா என்று தெரிந்துகொண்டே, பாஞ்சாலி சபதத்தின்போது அழவும் செய்கிறது. இரண்டு வகை உண்மையை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் திறன் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குச் சொற்களைத் தருவதுதான் ஆசிரியரின் வேலை. இங்கிலாந்தில் 1990களில் ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளின் வரலாற்றுச் சிந்தனையைப் பீட்டர் லீ முதலானோர் ஆராய்ந்தார்கள். சான்றைப் பற்றிய புரிதல் வயதோடு ஒரே சீராக வளர்வதில்லை, சில எட்டு வயதுப் பிள்ளைகள் பதினான்கு வயதினர் பலரைவிட நன்றாக யோசித்தார்கள் என்று அவர்கள் கண்டார்கள். பிந்திச் சொல்லிக்கொள்ளலாம் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பத்து வயதுவரை 'புத்தகத்தில் இருந்தால் உண்மை' என்று பழகிய பிள்ளை, பதினைந்து வயதில் 'கைப்பேசியில் வந்தால் உண்மை' என்ற இடத்துக்குத்தான் போகும்.

நம்பிக்கை குலையுமே என்ற அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு அம்மன் வெறும் கதைப்பாத்திரம் இல்லை. நோய்க்கும் கடனுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கத் துணை. ஆனால் அந்தத் துணை ஒரு தேதியின் மேல் நிற்கவில்லை. பாரதம் வரலாற்று நூல் இல்லை என்று வெளிப்படையாக எழுதிய காந்தி கீதையை நாள்தோறும் ஓதினார். அதன்படி வாழ முயன்றார். மனுநீதிச் சோழன் கதையைப் பாருங்கள். பசுவின் கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனை அதே தேர்க்காலில் இட்ட நீதிக்கதையைத் திருவாரூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதற்கு ஆறேழு நூற்றாண்டு முந்தைய இலங்கையின் மகாவம்சம் அதே கதையை, மணியும் பசுவும் மகனும் மாறாமல், அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனுக்குச் சொல்கிறது. எந்த ஊரில் நடந்தது, நடந்ததா என்று வரலாற்றால் தீர்க்க முடியவில்லை. அதனால் கதை வீணாகிவிட்டதா? மாவட்ட ஆட்சியர் ஊர் ஊராக வந்து மனு வாங்கும் நாளுக்கு இன்றும் மனுநீதி நாள் என்றுதான் பெயர். ஆள்பவன் தன் பிள்ளைக்கும் சட்டத்திலிருந்து விலக்குத் தரக் கூடாது என்ற அறம் அந்தக் கதையில் உண்மையாக இருக்கிறது. அந்த உண்மைக்குக் கல்வெட்டு தேவையில்லை. இரண்டு நாட்டில், இரண்டு சமயத்து நூல்களில், இரண்டு அரசர்களுக்கு ஒரே கதை சொல்லப்பட்டது என்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தமிழரும் சிங்களரும் நீதி என்று எதை நினைத்தார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடும். எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் கதையைத் திரும்பத் திரும்ப இனப்பகையாகச் சொல்லி இலங்கை கொடுத்த விலை நமக்குத் தெரியும். பகைவனின் சமாதிக்கு வென்றவனே மரியாதை செய்யச் சொன்னான் என்பதும் அதே மகாவம்சத்தில்தான் இருக்கிறது.

மறுபக்கத்திலிருந்து வரும் எதிர்வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். புராணம் பொய் என்றால் வகுப்பில் அதற்கு என்ன இடம், ஒரேயடியாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று பகுத்தறிவு பேசுவோர் கேட்பார்கள். பொய் என்பது ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்வது. சேக்கிழார் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் நூல் 7ஆம் நூற்றாண்டுக்கு நேரடிச் சான்றாகாது. 12ஆம் நூற்றாண்டுக்கு அதைவிடச் சிறந்த சான்று அரிது. அன்றைய அவைகள் வழக்கை எப்படி விசாரித்தன, ஓலை எங்கே காக்கப்பட்டது, மனிதரை அடிமையாக எழுதித்தரும் வழக்கம் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதெல்லாம் அதிலிருந்து தெரிகிறது. மேலச்சேரிக் கதையும் அப்படித்தான். பாரத காலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாமல் போகலாம், செஞ்சியை ஆண்டவர்களும் செஞ்சி மக்களும் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று நிறையச் சொல்லும். மேலும், தாயின் வழிபாட்டைப் பள்ளிக்கூடம் எள்ளினால் பிள்ளை தாயையும் நம்பாது, பள்ளியையும் நம்பாது. முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. 1976இல் சேர்ந்த 51அ பிரிவோ அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்குகிறது. பக்தியைப் புகட்டாமலும் பழிக்காமலும், கதைக்கு உரியவர் யார், காலம் எது என்று மட்டும் சொல்லும் ஆசிரியர் இரண்டுக்கும் உண்மையாக இருக்கிறார்.

ஒன்றியப் பள்ளி ஆசிரியரின் நிலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் முதலிடம் பெற, சமூக அறிவியல் எஞ்சிய நேரத்தில் நடக்கிறது. ஊரில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தோற்றக் கதை இருக்க, சான்று எங்கே என்ற பேச்சை எடுத்தால் வம்பு வருமோ என்ற பயமும் நியாயமானது. தனி ஆசிரியரின் துணிச்சலை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. கல்வித்துறை அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். பெரிய செலவும் இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கல்வெட்டுகளில் இருபதைத் தேர்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளை படிக்கும் தமிழில், படத்தோடும் காலத்தோடும் அச்சிட்டு ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் கொடுக்க வேண்டும். மண்டகப்பட்டும் எண்ணாயிரமும் திருநாதர் குன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை அவற்றில் ஓரிடத்துக்கு அழைத்துப்போக வேன் வாடகையும் மதிய உணவும் துறையே ஏற்க வேண்டும். பாஞ்சாலி நிஜமா என்று பிள்ளை கேட்டால், கேட்கக் கூடாது என்று சொல்லும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கேளுங்கள். தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.